பெட்டி வேண்டாம் சம்பந்தி

மதிப்பிற்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

நாலாவது மாடியிலிருந்து உங்கள் மருமகளின் அப்பா சொல்ல, அவளுடைய அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும், என் இடது கால் கட்டைவிரல் ஒன்று நீங்கலாக, மற்ற எல்லா உறுப்புகளோடும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் மகளும், பேரப்பிள்ளையும், உங்கள் பேக்கரியும், அதன் அடுப்பும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஞாபகம் வரும். கல்யாணப் பேச்சுக்கு நீங்கள் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தீர்கள். அதில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். ஜன்னலோரம் நல்ல நாற்காலி இருக்க, கால் ஆடுகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். அது ஆடுகிறது என்று தெரிந்தால் எங்களுக்குச் சங்கடமாகிவிடும் என்று, ஒரு காலைத் தரையில் ஊன்றி அழுத்திப் பிடித்தபடியே முழுப் பேச்சையும் பேசி முடித்தீர்கள். நீங்கள் படி இறங்கியதும் நான் இவளிடம், "பொண்ணு இந்த மனுஷன் வீட்டுக்குத்தான் போகணும்" என்று சொன்னேன். அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வேதனை.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைதோறும் உங்கள் கடை வண்டியில் நீங்கள் அன்போடு அனுப்பிவைக்கிற பலகாரப் பெட்டியைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

சொல்லிவிட்டேன். இவள் எழுதியும் விட்டாள். இனிமேல் அழித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும் என்கிறாள். ஆகவே, இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முதலிலிருந்து சொல்லுகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். மாவு பிசைகிற நேரத்தில் படிக்க வேண்டாம், கை நின்றுவிடும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டதுமே என் வாய் "அருமை சம்பந்தி, அருமை" என்று தானாகச் சொல்லிவிடுகிறது. அந்த வாயால் வந்த வினையெல்லாம்தான் இந்தக் கடிதம்.

நான் லிஃப்ட் ஓட்டியவன் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி ஓட்டினேன் என்பது தெரியாது. அது பழைய காலத்துக் கூண்டு லிஃப்ட். உள்ளே ஒரு கம்பிக் கதவு, வெளியே ஒரு கம்பிக் கதவு, இரண்டும் மடங்கி விரிகிற ஜாதி, இரண்டும் ஒழுங்காக மூடினால்தான் வண்டி நகரும். என் வலது கை, வண்டியை ஏற்றி இறக்குகிற பிடியில் இருக்கும். இடது கையில் யாராவது ஒரு அதிகாரியின் பையோ குடையோ இருக்கும். மிச்சம் இருப்பது கால். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இடது கால் கட்டைவிரலைக் கம்பிக்குள் கொக்கி மாதிரி மாட்டி ஒரு இழு இழுத்தால், கதவு சடசடவென்று ஓடிவந்து பூட்டிக்கொள்ளும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைப் பார்ப்பதற்காகவே தங்கள் மாடியில் இறங்காமல் இன்னொரு மாடி போய்விட்டு வருவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த விரலுக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. உலகத்தில் இவ்வளவு தூரம் பயணம் போய், இவ்வளவு குறைவாக நடந்த மனிதன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டான். இதற்கு நடுவில் எந்த மாடியில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், பதவி உயர்வு என்றாலும், அந்தக் கேக் என் கூண்டு வழியாகத்தான் மேலே போகவேண்டும். போகும்போது எனக்கு ஒரு துண்டு சுங்கம். கணக்குப் பிரிவில் இருந்த நெட்டை மனிதருக்கு மூத்த பையன் பிறந்தபோது கொடுத்த கேக்கின் ருசி இன்னும் என் கடைவாயில் இருக்கிறது. அந்தப் பையனுக்கே இப்போது தலை நரைத்திருக்கும்.

இப்போது நாங்கள் இருக்கிற கட்டடத்தின் லிஃப்ட் புது மாதிரி. பொத்தானை அழுத்தினால் கதவு தானாக மூடும். அதற்கு ஆள் வேண்டாம், விரல் வேண்டாம். மழைக்காலம் தொடங்கிய புதிதில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு கையில் காய்கறிப் பை, ஒரு கையில் பால் என்று உள்ளே ஏறினேன். மூன்றாவது மாடியில் இருக்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரும் கூட ஏறினார். கதவு வழக்கம்போல் யோசித்து யோசித்து வந்தது. இரண்டு கையும் நிறைந்திருந்ததால், சம்பந்தி, என் கால் தன் வேலையைச் செய்யப் போய்விட்டது. செருப்பிலிருந்து கழன்று போய்க் கதவு இடுக்கில் விரலை வைத்தது. கதவு கடித்தது. திறந்தது. மறுபடியும் கடித்தது. எங்கேயோ ஒரு மணி அடித்தது. அப்படியே கொஞ்சம் ஏறி, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், வாயைப் பாதி திறந்துகொண்டு நின்றுவிட்டது.

உள்ளே மாட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "ஏன் ஐயா, அது தானா மூடிக்கும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் காலை விட்டீங்க?"

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியல."

காவலாளி ஸ்டூல் போட்டு எங்களை ஒவ்வொருவராகக் கீழே இழுத்தார். என் விரலுக்கும் லிஃப்டுக்கும் ஒரே நாளில் காயம். லிஃப்டுக்கு உதிரிப் பொருள் வரவில்லை என்று சொல்லிச் சொல்லியே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கட்டடத்தில் எல்லோரும் என்னால் படி ஏறினார்கள். என் முகத்தைப் பார்த்தால் முழங்காலைத் தடவிக்காட்டுவார்கள். இரண்டாவது மாடித் தையல்காரம்மா மட்டும் வாயைத் திறந்தே சொன்னார். "நீங்க வேலையை விட்டுட்டீங்க, உங்க காலுக்கு இன்னும் யாரும் சொல்லலை போல."

விரல் ஆறவில்லை. கருத்தது, வீங்கியது, கசிந்தது. டாக்டரம்மாவிடம் போனோம். குரலே உயர்த்தமாட்டார், அதுதான் பயம். வெளியே பெஞ்சில் பார்த்தால் கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தையல்காரம்மா. என்ன விஷயம் என்றேன். "லேசா சளி" என்றார் அவர். "எனக்கும் சளிதான்" என்றார் அந்தம்மா. காலில் இவ்வளவு பெரிய கட்டோடு நின்றுகொண்டு நானும், "ஆமா, இந்த வருஷம் சளி ஜாஸ்தி" என்றேன். மூன்று பேர் கையிலும் ஒரே ஆய்வுக்கூடத்து உறை. மூன்று பேரும் அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டோம்.

டாக்டரம்மா உறையைப் பிரித்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்தார். "ஐயா, இந்தப் புண் ஆறணும்னா சர்க்கரை இறங்கணும். இறங்கலைன்னா இந்த விரலை எடுத்துத்தான் ஆகணும். விட்டா பாதத்துக்கு ஏறிடும். மருந்து நான் தர்றேன். ஆனா அது பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க வாய் செய்யணும், வீக்கம் வடிஞ்சதும் உங்க கால் செய்யணும்" என்றார். நான் கேட்டேன், எவ்வளவு நாள் பார்ப்பீர்கள் என்று. "மழை விடட்டும்" என்றார். விரல் தரையில் படாதபடி முன்பக்கம் உயர்ந்த ஒரு செருப்பைக் கொடுத்து அனுப்பினார். வெளியில் சிரித்துக்கொண்டாலும், சம்பந்தி, உங்களிடம் மறைப்பானேன், அன்று ராத்திரி அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். சொத்து என்று எனக்கு வேறு என்ன இருக்கிறது. இந்த விஷயம் உங்கள் காதுக்குப் போகக்கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். 'நம்ம பெட்டியாலதான்' என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது பாருங்கள்.

மறுநாள் முதல் வீட்டில் இவள் ஆட்சி. காய்கறி வெந்து வரும், உப்பு வராது. சோறு வரும், தேடவேண்டும். நான் இரண்டாவது முறை கேட்டால் தண்ணீர்ச் செம்பை நகர்த்திவைப்பாள். சர்க்கரையை ஒளித்துவைப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒளிக்கவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தாள். எங்கள் அடுக்களையில் எல்லா டப்பாவும் ஒரே மாதிரி. எது எங்கே இருக்கிறது என்பதை இடத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் இடம் மாற்றி, மேலே காகிதம் ஒட்டி, பெயர் எழுதிவைத்துவிட்டாள். படித்தவர்களுக்கு அது உதவி, எனக்கு அது பூட்டு. முதல் நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் டீயில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டேன். அதற்குள் வந்துவிட்டாள். எதிரில் உட்கார்ந்து, "டீ எப்படி இருக்கு?" என்றாள். உப்பு. தொண்டை வரைக்கும் உப்பு. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். "அப்ப முழுசாக் குடிங்க" என்றாள். குடித்தேன். (முழுவதும் குடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். - எழுதுபவள்)

இந்த நிலைமையில்தான் அந்தச் சனிக்கிழமை உங்கள் பெட்டி வந்தது. சிவப்புக் கயிறு, உங்கள் கைமுடிச்சு. பெட்டியைத் திறக்காமலே அதற்குள் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்லமுடியும், சம்பந்தி. முப்பது வருஷம் மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்து, ஊரார் மதியச் சாப்பாட்டையெல்லாம் மூக்கால் சாப்பிட்டவன் நான். மேல் வரிசையில் வெண்ணெய் பிஸ்கட். நடுவில் முந்திரி போட்ட கேக். ஓரத்தில் கிரீம் வைத்த ரொட்டி, அதன் முனையில் ஒரு செர்ரிப் பழம். மேசைமேல் அதை வைத்துவிட்டு நானும் இவளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம், வீட்டுக்குள் யாரோ பெரிய மனிதர் வந்து பேசாமல் இருப்பதுபோல். தூக்கிப்போட முடியாது, அது உங்கள் உழைப்பு. திருப்பி அனுப்ப முடியாது, அங்கே எங்கள் பெண் இருக்கிறாள். கடைசியில் இவள்தான் சொன்னாள். "லிஃப்டைக் கெடுத்துட்டு ஒருத்தர் முகத்துலயும் முழிக்க முடியலை. கண்ணாடிக் கடைக்காரருக்குக் குடுத்துட்டு வாங்க, கோபமாவது தணியும்."

மூன்றாவது மாடிக்கு இறங்கிப்போய்க் கொடுத்தேன். மனிதர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்கும் அதே 'சளி' அல்லவா. எனக்குச் சர்க்கரை என்று சொல்லி மறுக்கலாம். ஆனால் அதை யார் முதலில் சொல்வது? சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் தையல்காரம்மா, மூச்சு வாங்க நிற்கிறார், கையில் ஒரு பெட்டி. "ஐயா, அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. எங்க தம்பி செஞ்சு கொண்டுவந்தான், நீங்க சாப்பிடுங்க" என்றார்.

சிவப்புக் கயிறு. உங்கள் முடிச்சு.

நான் பெட்டியைப் பார்த்தேன். அந்தம்மா சுவரைப் பார்த்தார். "தம்பிக்கு நல்ல கை" என்றேன். "ஆமாங்க, சின்ன வயசுலேர்ந்தே" என்றார்.

இவளுக்கு அடுத்த நாள் காலையில் தங்கை வீட்டுக்குப் போகவேண்டிய வேலை. போகும்போது பெட்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். வீட்டில் நானும் பெட்டியும் மட்டும். எனக்கு அது ஒரு கொடுமையான காலை. கயிற்றைத் தொட்டேன், விட்டேன். ஜன்னலைச் சாத்தினேன், வாசனை உள்ளேயே நின்றது. திறந்தேன், காற்று அதை என் பக்கமே தள்ளியது. ஒரு துண்டு தின்றால் யாருக்குத் தெரியும் என்று வாய் கேட்டது. எனக்குத் தெரியும் என்று விரல் விண்ணென்று தெறித்தது. இங்கே இருந்தால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்துபோய், பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி குதிகாலை ஊன்றி ஊன்றிக் கீழ்வாசல் வரைக்கும் இறங்கினேன். அங்கே காவலாளியைக் காணோம். மறுபடியும் அதைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒரு செம்புத் தண்ணீர், ஒரு நாற்காலி, அவ்வளவுதான். கேக் தின்கிற ஆசையைத் தேடிப்பார்த்தேன், சம்பந்தி. அது இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டிருந்தது.

அப்போது பிடித்தது அந்த வழக்கம். ஆசை வந்தால் பெட்டியை எடு, படிக்குப் போ. டாக்டரம்மாவிடம் கேட்டேன். மெதுவாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செருப்போடு என்றால் சரி என்றார். நான் கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுப்பேன். அவர் மனசு தாங்காமல் தையல்காரம்மாவிடம் இறங்கிப்போவார். அந்தம்மா ஏறி என்னிடம் வருவார். யாருக்கு ஆசை முற்றுகிறதோ அவர் கையில் பெட்டி இருக்காது. அடுத்தவர் வாசலில் இருக்கும். ஒருநாள் மத்தியானம் கண்ணாடிக் கடைக்காரர் கடையை அரைமணி நேரம் பூட்டிவிட்டு வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார், கடையில் வைத்துக்கொண்டு வியாபாரம் பார்க்க முடியவில்லையாம். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கொடுப்பதுபோல்தான் கொடுப்போம். "மச்சான் அனுப்பினாரு." "வாடிக்கைக்காரர் ஒருத்தர் குடுத்தாரு." "தம்பி மறுபடியும் செஞ்சான்." வெள்ளிக்கிழமை யார் கையில் இருக்கிறதோ அவர் காவலாளியிடம் ஒப்படைத்துவிடுவார். அவர் வீட்டில் நாலு வாய். "டீக்கு நல்லாருக்குங்க" என்று வாங்கிக்கொள்வார். சனிக்கிழமை உங்கள் வண்டி மறுபடியும் வரும். உங்கள் ஒரு பெட்டி எங்கள் கட்டடத்தில் ஏறிய உயரத்தை நேராக அடுக்கினால் மேகத்தைத் தொடும்.

பலன் தெரிந்தது. என் வேட்டியை இடுப்பில் இன்னும் ஒரு சுற்று சுற்றவேண்டியிருக்கிறது. சோறு குறைந்தது பழகிவிட்டது. உப்பில்லாத காயில்கூட ஒரு ருசி இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். (இதை நானாக எழுதவில்லை. அவரேதான் சொல்கிறார். - எழுதுபவள்) மழை விட்டது. டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரலைத் தட்டினார், அழுத்தினார், "அசைங்க" என்றார். அசைத்தேன். "ஓரத்துல புதுத் தோல் வந்திருக்கு. எடுக்க வேண்டாம்னு நினைக்கிறேன். ஆனா இன்னும் முழுசா மூடலை. இதே மாதிரி இன்னும் ஒரு மாசம் இருந்துட்டீங்கன்னா விரல் உங்களுது. நடுவுல வாயைத் திறந்துட்டீங்கன்னா என்னுது" என்றார். வெளியே வந்தால் பெஞ்சில் அந்த இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்களுக்கும் இறங்கியிருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "சளி எப்படி?" என்று கேட்டேன். "குறைஞ்சிருக்கு" என்றார்கள்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில்தான் போன வாரம் மண் விழுந்தது. லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, உள்ளே கண்ணாடிகூடப் புதிதாக மாட்டியிருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே நின்று என்னைக் கூப்பிட்டார். "வாங்க ஐயா, நீங்கதான் முதல்ல ஏறணும். கையில எதுவும் இல்லையே?" என்று சிரித்தார். சம்பந்தி, கேக்கை விட்டேன், சர்க்கரையை விட்டேன், அதெல்லாம் ஒரு பெரிய காரியமே இல்லை. திறந்து நிற்கிற லிஃப்டுக்கு முதுகைக் காட்டிப் படிப்பக்கம் திரும்பினேன் பாருங்கள், அதற்குத்தான் நெஞ்சில் தெம்பு வேண்டியிருந்தது. "நீங்க போங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்றேன். கதவு மூடியது. என் கால் கொஞ்சம் துடித்தது, அதைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். இப்போது பெட்டி லிஃப்டில் போகிறது. மேலே வர ஒரு நிமிஷம், கீழே போக ஒரு நிமிஷம். ஆசைக்கு மூச்சு வாங்க நேரமே இல்லை. புதன்கிழமை கண்ணாடிக் கடைக்காரர் என் வீட்டுக்கு வந்து, இவள் உள்ளே போனதும், காதுக்குப் பக்கத்தில் சொன்னார். "ஐயா, ஒரு தப்பு நடக்க இருந்துச்சு. நேத்து முடிச்சை அவிழ்த்துட்டேன். மூடியில கை வெச்சுட்டேன். அப்புறம் என்னவோ தோணி மறுபடியும் கட்டிட்டேன். எனக்குச் சளி இல்லை ஐயா, சர்க்கரை." எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் சளி இல்லை" என்றேன். அவர் கட்டிய முடிச்சைப் பார்த்தேன். பாவம், ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி தாங்காது. இன்னும் ஒரு மாசம் கெட்டியாக இருந்தால் என் விரல் என்னுடையது. இந்த மாசம் அந்த வெண்ணெய் பிஸ்கட்டும் முந்திரிக் கேக்கும் கட்டடத்துக்குள் வரவே கூடாது. மூன்று பேரில் ஒருவர் விழுந்தாலும் மற்ற இரண்டு பேரும் விழுவோம். ஆகவேதான் கை கூப்பிக் கேட்கிறேன், பெட்டியை நிறுத்துங்கள். உங்கள் அன்பை நிறுத்தச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அன்பைத் தனியாக அனுப்புங்கள், பெட்டி இல்லாமல்.

பேரப்பிள்ளைக்கு எங்கள் முத்தம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும், நல்ல செரிமானமும் உண்டாகட்டும். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலிக்குப் படி நல்லது என்று நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம், அடிக்க வருவார். உங்கள் மாவு எப்போதும் உப்பட்டும், உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு, உங்கள் அன்பை மறுக்கத் துணிந்த சம்பந்தி (கை நாட்டு).

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப்போகிற நேரத்தில் இந்த வாரத்துப் பெட்டி வந்து இறங்கியது. "இவ்வளவு மாசமா வாங்கியிருக்கோம். கடைசிப் பெட்டியில என்ன இருந்துச்சு, எவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதினாத்தானே மரியாதை" என்று இவள் சொன்னாள். நானும் சரி என்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். இவள் முடிச்சை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

வெண்ணெய் பிஸ்கட் இல்லை, கேக் இல்லை, செர்ரிப் பழம் இல்லை. பழுப்பு நிறத்தில், ஓடு அடுக்கினமாதிரி, தவிட்டு ரஸ்க். இவள் ஒன்றைக் கடித்தாள். சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும். "சர்க்கரையே இல்லைங்க" என்றாள். உடனே மகளுக்குப் போன் போட்டாள். அவள் சிரிக்கிறாள். நாங்கள் டாக்டரம்மாவிடம் போய்வந்த வாரமே உங்களிடம் சொல்லிவிட்டாளாம். நீங்கள் அன்று ராத்திரியே தவிட்டையும் கோதுமையையும் கலந்து, எனக்கென்று தனியாகச் செய்து பார்த்து, அந்தச் சனிக்கிழமை முதல் இதைத்தான் அனுப்புகிறீர்களாம். போன மாசம் போனில் நீங்கள், "பல்லுக்குத் தாங்குதா சம்பந்தி?" என்று கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "வாயில வெச்சதும் கரையுது" என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் உடனே பேரப்பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

நான் ஒன்றைத் தின்று பார்த்தேன். மென்று முடிக்க வெகுநேரம் ஆனது. நல்லவேளை, முதல் வாரமே இதைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தைரியமாக வீட்டிலேயே உட்கார்ந்து தின்றிருப்பேன், ஒரு படிகூட ஏறியிருக்கமாட்டேன்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் எழுதியதாக நினைக்க வேண்டாம். பெட்டியை நிறுத்தாதீர்கள். இதை இவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக் கடைக்காரர், இந்த வாரப் பெட்டியைத் தையல்காரம்மாவிடம் தானே கொண்டுபோகிறேன் என்று கதவைத் தட்டினார். இவள் அவசரமாக மூடி, கயிற்றைக் கட்டிக் கையில் கொடுத்தாள். அவர் முகர்ந்து பார்த்தார். "இன்னிக்கு முந்திரி ஜாஸ்தி போல" என்றார். "ஆமா, ரொம்ப ஜாஸ்தி, பத்திரம்" என்றேன். எச்சிலை விழுங்கிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போனார், பொத்தான்மேல் விரலை வைத்தார், எடுத்தார், படியில் இறங்கத் தொடங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.